ரோபோ வாக்குவம்: கைரோவா, கேமராவா, லேசரா? கோளாறை வைத்து ஓர் அலசல்

ரோபோ வாக்குவம் விளம்பரங்களில் கொட்டை எழுத்தில் இருப்பது உறிஞ்சும் திறன்தான், இத்தனை ஆயிரம் பாஸ்கல் என்று. டைல்ஸ் போட்ட வீட்டுக்கு அது பெரிய விஷயமில்லை. மெஷின் வழி கண்டுபிடிப்பது எப்படி என்று கேளுங்கள். வாங்கிய பிறகு எந்த மாதிரித் தொல்லையோடு மல்லுக்கட்டப் போகிறீர்கள் என்பது அதில்தான் இருக்கிறது.

விலை குறைந்தவற்றில் பெரும்பாலும் கைரோ, அதாவது திரும்புவதை உணரும் சென்சார். சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது, எந்தப் பக்கம் திரும்பியது என்று கணக்குப் போட்டே நகரும். ஈரத்தில் சக்கரம் வழுக்கினாலோ, மிதியடியில் ஏறித் திணறினாலோ கணக்கு தப்பிவிடும். அப்புறம் பெருக்கின இடத்தையே பெருக்கும், கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்க்காது, சார்ஜ் தீரும் நேரத்தில் டாக் (சார்ஜ் ஏற்றும் மேடை) எங்கே என்று தேடித் தேடி நடுவழியில் நின்றுவிடும். மிதியடிகளைச் சுருட்டி வைத்து, எப்போதும் டாக்கிலிருந்தே கிளப்பினால் முக்கால்வாசி சரியாகிவிடும். கெட்டுப்போக உள்ளே அதிகம் ஒன்றுமில்லை என்பது இதன் நல்ல குணம்.

கேமரா வகை சுவர், மேற்கூரை, நிலைப்படி இவற்றை அடையாளம் வைத்துக்கொண்டு ஓடும். ஐரோபாட் நிறுவனத்தின் ரூம்பா வரிசையில் இது 2015-ல் 980 மாடலோடு வந்தது. இருட்டு இதற்கு ஆகாது. ராத்திரி எல்லோரும் படுத்தபின் ஓடட்டும் என்று டைமர் வைத்தால் வழிதவறி நிற்கும். லென்ஸை மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, பகலிலோ விளக்கைப் போட்டோ ஓட்டினால் போதும்.

லேசர் வகை, ஒளிக்கதிரை வீசி அது பட்டுத் திரும்புவதை வைத்துத் தூரம் அளந்து வீட்டின் வரைபடம் போடும். இருட்டு இதற்கு ஒரு பொருட்டில்லை, வரைபடமும் துல்லியம். ஆனால் பீரோவில் ஆளுயரக் கண்ணாடி இருந்தால், அதற்குப் பின்னால் இன்னொரு அறை இருப்பதாக வரைந்து வைத்துக்கொள்ளும்! ஆப்பில் அந்த இடத்தில் ஒரு தடைக்கோடு போட்டுவிடுங்கள். இன்னொன்று உயரம். மேலே சுழலும் கோபுரத்தோடு சேர்த்தால் பல மாடல்கள் 10 செ.மீ.யை ஒட்டி வரும். சோபாவுக்கு அடியில் பாதி நுழைந்து சிக்கிக்கொள்ளும். வாங்கும் முன் டேப்பை எடுத்து அளந்துவிடுவது உத்தமம். லேசர் மறைக்கப்பட்டிருக்கிறது என்று எச்சரிக்கை வந்தால் கோபுரத்தின் இடுக்கில் சிக்கிய நூலை எடுத்து, தூசியை ஊதிவிட்டுப் பாருங்கள். அதற்கும் சுற்றவில்லையென்றால் உள்ளே பெல்ட்டோ மோட்டாரோ போயிருக்கலாம். அது சர்வீஸ் சென்டர் வேலை.

என்னைக் கேட்டால், இரண்டு மூன்று அறை இருக்கிற வீட்டுக்கு லேசர்தான். ஒற்றை ஹால், தாழ்வான கட்டில் என்றால் கைரோவே தாராளம். கேமரா மட்டும் உள்ளதை, விலை நன்றாகக் குறைந்து கிடைத்தாலொழிய எடுக்கமாட்டேன்.

சில வம்புகள் எதை வாங்கினாலும் வரும். கறுப்பு கிரானைட் தரையில் ரோபோ திடீரென்று பின்வாங்கினால், படிக்கட்டு என்று நினைத்து பயப்படுகிறது என்று அர்த்தம். அடியிலுள்ள இன்ஃப்ராரெட் சென்சாரின் ஒளியைக் கறுப்பு விழுங்கிவிடுகிறது. வெளிர்நிறத் தரையிலும் இப்படிச் செய்தால் அந்தச் சென்சார்களில் தூசி. உலர்ந்த துணியால் துடைத்தால் தீரும். சென்சார் மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டும் வைத்தியம் ஒன்று உலவுகிறது. படிக்கட்டுள்ள வீட்டில் அந்த வேலையே வேண்டாம், மெஷின் உருண்டு விழும்.

முடி அடுத்தது. மெஷினைக் கவிழ்த்து முன்பக்கத்துச் சின்னச் சக்கரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் நேராக மேலே இழுத்தால் கையோடு வந்துவிடும். அச்சில் தலைமுடி கயிறு போல இறுகியிருக்கும், தேங்காய் நாரும் கூடவே. பிளேடால் கீறி எடுங்கள். ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போவதும் கடகட சத்தமும் பல சமயம் இதோடு நின்றுவிடும். பிரஷ்ஷில் மயிர்க்கற்றை வகையைவிட ரப்பர் உருளையில் முடி குறைவாகச் சிக்கும். நீளக் கூந்தல் உள்ள வீட்டுக்கு ரப்பர்தான் என் சிபாரிசு.

வாசல் பக்கம் போய்க் கோலமாவை உறிஞ்சினால் ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், இழுவை குறையும். கழுவக்கூடிய ஃபில்டர்தானா என்று பார்த்துக் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு மாட்டுங்கள். ஈரத்துணியால் துடைக்கும் வசதியும் உள்ள மாடலென்றால், அதன் தண்ணீர்த் தொட்டியில் போர் தண்ணீர் ஊற்றினால் உப்பு படிந்து துளை அடைபடும். ஆர்.ஓ. தண்ணீர் நல்லது, பினாயில் கூடவே கூடாது. வைஃபை சேரவில்லையென்றால் 5 கிகாஹெர்ட்ஸை விட்டு 2.4-க்கு மாற்றுங்கள், பல மாடல்களுக்கு அதுதான் தெரியும்.

வாங்கும் முன் பிரஷ், ஃபில்டர், பேட்டரி தனியாகக் கிடைக்கிறதா, ஆப் இல்லாமல் பட்டனை அழுத்தினால் ஓடுமா என்றும் பார்த்துவிடுங்கள். 2010-லேயே லேசரை வீட்டு ரோபோவில் வைத்து விற்ற நியாட்டோ நிறுவனம் 2023-ல் மூடப்பட்டது. ஆப்புக்குத் தேவையான அதன் சர்வர்களும் நிறுத்தப்பட்ட பிறகு, பழுதில்லாத மெஷின்களுக்கும் பட்டன் மட்டும்தான் மிச்சம்.