ஸ்ப்ரே கட்சியிலிருந்து ஜெல் கட்சிக்கு

நடு இரவில் தண்ணீர் குடிக்க எழுந்து சமையலறை விளக்கைப் போட்டதும் மேடையில் நாலைந்து கரப்பான் சிதறி ஓடினால், கை தானாக ஸ்ப்ரே டப்பாவைத்தான் தேடும். நானும் ஒரு வருடத்துக்கு மேல் ஸ்ப்ரே கட்சிதான். இப்போது ஜெல் கட்சி. கட்சி மாறியவன் பேச்சு ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் இருக்கும், அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் வந்திருப்பது எந்தக் கரப்பான் என்று பாருங்கள். மூன்றரை, நான்கு சென்டிமீட்டர் நீளத்தில் செம்பழுப்பாக வருவது அமெரிக்கக் கரப்பான். பெரும்பாலும் சாக்கடையிலும் கழிவுநீர்க் குழாயிலும் குடியிருந்துகொண்டு வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிற ஆள் அது. துவாரத்துக்கு வலை போட்டு, குழாய் நுழைகிற ஓட்டையை அடைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். எங்கள் வீட்டில் அது எப்போதாவது ஒன்றுதான் வரும், அதனால் இதற்கு மேல் அனுபவம் இல்லை. எனக்குத் தொல்லை கொடுத்தது ஜெர்மன் கரப்பான். ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர்தான் இருக்கும். வெளிர் பழுப்பு நிறம், தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடு. இது வெளியிலிருந்து வந்து போகிற விருந்தாளி இல்லை. ஃபிரிட்ஜ் மோட்டார் பக்கத்திலும் அலமாரிக் கீலிலும் பிறந்து, அங்கேயே பெருகுவது.

ஸ்ப்ரேயின் நல்ல குணம் எல்லோருக்கும் தெரியும்: அடித்ததும் மல்லாந்துவிடும். வாடை, பாத்திரத்தை எல்லாம் எடுத்து வைக்கிற வேலை, இதுவும் தெரிந்த கதைதான். நான் மாறியதற்குக் காரணம் இவை எதுவும் இல்லை, முட்டைதான்.

ஜெர்மன் கரப்பானில் பெண், 30 முதல் 40 முட்டை அடங்கிய கூட்டை வயிற்று நுனியிலேயே ஒட்டி வைத்துக்கொண்டு, பொரிக்கப் போகிற சமயம் வரை சுமக்கும். அந்த நாட்களில் அது சரியாகத் தின்னாது, இடுக்கை விட்டு அதிகம் வெளியே வராது. விளக்கைப் போட்டால் ஓடுகிற கும்பலில் அது இருப்பது அபூர்வம். நாமோ ஓடுகிற ஐந்தாறை அடித்துவிட்டு நிம்மதியாகப் படுக்கப் போகிறோம். மூன்று நான்கு வாரத்தில் எள்ளு எள்ளாகக் குஞ்சுகள் கிளம்பும்போது, அன்று அடித்த ஸ்ப்ரேயை நாமே துடைத்துக் கழுவியிருப்போம். போதாக்குறைக்கு, பல ஸ்ப்ரேக்களில் இருக்கும் பைரெத்ராய்டு வகை மருந்து கரப்பானை விரட்டவும் செய்யும். சாகாதது அடுத்த அறைக்குக் குடிபோகும். அந்த வகை மருந்துக்குப் பழகிப்போன ஜெர்மன் கரப்பான்களும் உலகம் முழுக்க உண்டு.

ஜெல் இதற்கு நேர் எதிர். ஃபிப்ரோனில், இமிடாக்ளோப்ரிட் மாதிரி ஏதோ ஒரு மருந்தைத் தீனியோடு கலந்து ஊசிக்குழலில் தருகிறார்கள். தின்றது அங்கேயே விழாது, இடுக்குக்குத் திரும்பிப் போய்ச் சாகும். குஞ்சுகள் பெரியவற்றின் எச்சத்தைத் தின்னும், செத்ததையும் மற்றவை தின்னும். கேட்க அருவருப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் மருந்து உள்ளே போய்ச் சேர்வது அந்த வழியில்தான். வெளியே வராத கூட்டத்துக்கும் பங்கு கிடைக்கிறது. இடுக்கில் பொட்டாக வைத்த ஜெல் காயாமல் இருந்தால் பொரித்து வரும் குஞ்சுக்கும் அதுவே காத்திருக்கும்.

முதல் தடவை எனக்கு இதுவும் பலிக்கவில்லை. தப்பு என்னுடையதுதான். பொட்டு வைத்த மூன்றாம் நாள் ஒன்று தள்ளாடிக்கொண்டு வந்தது. மருந்து வேலை செய்கிறது என்று விட்டிருக்கலாம். பழக்க தோஷம், அதன் மேலேயும் சுற்றிலும் ஸ்ப்ரேயை அடித்துவிட்டேன். பத்து நாள் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தால் பொட்டுகள் வைத்தபடியே பளபளவென்று உட்கார்ந்திருக்கின்றன. ஸ்ப்ரே பட்ட தீனியை அது சீண்டவே இல்லை. எல்லாவற்றையும் வழித்து, சோப்புத் தண்ணீரில் துடைத்து, மிளகளவுப் பொட்டுகளாகத் திரும்ப வைத்தேன். தூவிய மிளகுத்தூள் போலக் கறுப்பாக எச்சம் கிடக்கிற இடம்தான் சரியான இடம். நாலாம் நாள் கீலோரப் பொட்டின் விளிம்பு அரித்த மாதிரி குறைந்திருந்தது. ஸ்ப்ரே, ஜெல் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

ஜெல்லுக்கும் குறை உண்டு. மேலே தூசி படியும், காயும், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை குனிந்து பார்த்துப் புதுசு வைக்க வேண்டும். பொறுமையில்லாதவருக்கு ஒத்துவராது. சில கரப்பான் தின்னவே தின்னாது. இனிப்பைக் கண்டால் ஒதுங்குகிற ஜெர்மன் கரப்பான்களை 1990களிலேயே கவனித்திருக்கிறார்கள். குளுக்கோஸ் அவற்றின் நாக்குக்குக் கசக்கிறது என்று 2013இல் ஆய்வில் காட்டினார்கள். (கரப்பானுக்கு ஏது நாக்கு? சும்மா ஒரு பேச்சுக்கு.) தொடாவிட்டால் வேறு மருந்து, வேறு தீனி உள்ள ஜெல்லுக்கு மாற்றிப் பாருங்கள்.

போரிக் பவுடரை நான் இரண்டு இடத்தில்தான் போட்டேன், அதனால் அளந்துதான் சொல்வேன். காலில் ஒட்டுவதை நக்கிச் சுத்தம் செய்யும்போது அது உள்ளே போகிறது. மெல்லிய படலமாகத் தூவ வேண்டும், குவித்து வைத்தால் சுற்றிப் போய்விடும். ஸ்விட்ச் போர்டுக்குப் பின்னால் இருந்த சுவர் விரிசலில் நன்றாக இருந்தது. சின்க் அடியில் ஈரம் பட்டுக் கட்டியாகிவிட்டது. குழந்தையின் கை எட்டுகிற இடத்தில் வேண்டவே வேண்டாம். மருந்து சாக்பீஸும் அப்படித்தான், எழுதுகிற சாக்பீஸ் என்று குழந்தை எடுத்துக்கொள்ளும். அறை முழுக்கப் புகை விடுகிற குண்டு டப்பாவை நான் வாங்கியதில்லை. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2019இல் வீடுகளில் சோதித்து, ஜெர்மன் கரப்பானுக்கு அது பயன்படவில்லை என்று சொன்னார்கள். அதோடு விட்டுவிட்டேன்.

ஒட்டும் அட்டை மட்டும் எப்போதும் சின்க் அடியில் ஒன்று இருக்கும். கொல்வதற்கு இல்லை, எண்ணுவதற்கு. ஜெல்லுக்கு முன்னால் ஒரே இரவில் பதினேழு ஒட்டியது. போன மாதம் முழுக்க ஒரே ஒரு குஞ்சு. அந்த மூலையில் இரண்டு பொட்டு புதுசாக வைத்திருக்கிறேன்.