தேய்க்கும் பிரேக்கா, தொடாத பிரேக்கா?

பழைய கரண்ட் மீட்டரின் கண்ணாடிக்குள் சுற்றும் அலுமினியத் தட்டைப் பார்த்திருப்பீர்கள். அது தறிகெட்டு ஓடாமல் பிடித்து வைப்பது ஓரத்தில் இருக்கும் நிலைக்காந்தம். அது தட்டைத் தொடுவதில்லை. அலுமினியம் காந்தத்தில் ஒட்டுகிற உலோகமும் இல்லை. காந்தப்புலத்தில் உலோகம் நகரும்போது அதற்குள் சுழி சுழியாக மின்னோட்டம் தூண்டப்படுகிறது. லென்ஸ் விதிப்படி, தன்னை உண்டாக்கிய அசைவையே அது எதிர்க்கும். காந்த பிரேக் இவ்வளவுதான்.

பேட் வைத்த பிரேக்கோடு பார்த்தால், தேய்மானத்தில் காந்தம் சுலபமாக ஜெயிக்கிறது. பேட் மாற்றும் வேலையும் இல்லை, கரித்தூளும் இல்லை. ஆனால் 'சூடே ஆகாது' என்பார்கள், நம்பாதீர்கள்: ஓட்டத்தின் ஆற்றல் முழுக்க அந்த உலோகத்தில்தான் சூடாக இறங்குகிறது. இன்னொரு குறை பெரிது. வேகம் குறையக் குறையப் பிடியும் தளரும். நின்ற வண்டியில் தூண்டல் ஏது? மேட்டில் வண்டியை நிறுத்தி வைக்கப் பேட்தான் வேண்டும்.

உயரத்திலிருந்து தொப்பென்று விழும் டிராப் டவர் ராட்டினத்தில் மட்டும் யோசிக்கவே மாட்டேன், காந்தம்தான். பல கோபுரங்களில் இருக்கைப் பக்கம் நிலைக்காந்தம், அடிப்பகுதியில் செம்புத் தகடுகள். கரண்ட் போனாலும் பிடிக்கும், ஆபரேட்டர் அசந்தாலும் பிடிக்கும்.

ரயிலில் கதை வேறு. ஜெர்மனியின் அதிவேக ரயிலான ஐசிஇ 3, மின்காந்தங்களைத் தண்டவாளத்துக்குச் சில மில்லிமீட்டர் மேலே வரை இறக்குகிறது. சக்கரத்தின் பிடிப்பை நம்பாததால் ஈரத் தண்டவாளத்திலும் வேலை செய்யும். ஆனால் தண்டவாளமே சூடாகிவிடுகிறது. அதனால் எல்லாப் பாதையிலும் இதை இஷ்டத்துக்குப் போட முடியாது.

இதற்கெல்லாம் உண்மையான போட்டி பேட் இல்லை, மோட்டார். ஜப்பானில் 1999-ல் ஓடத் தொடங்கிய 700 வரிசை புல்லட் ரயிலில், மோட்டார் இல்லாத 4 பெட்டிகளுக்குக் காந்த பிரேக் வைத்திருந்தார்கள். 2007-ல் வந்த என்700-ல் 16 பெட்டிகளில் 14-க்கு மோட்டார். பிரேக் போடும்போது அந்த மோட்டார்களே ஜெனரேட்டராகி, கரண்டை மேல்கம்பிக்குத் திருப்பி அனுப்புகின்றன. காந்த பிரேக்கைக் கழற்றியே விட்டார்கள். மோட்டார் பிரேக்கும் மின்காந்தத் தூண்டல்தான். கிடைக்கும் கரண்ட் சூடாக வீணாகாமல் பக்கத்தில் ஓடும் இன்னொரு ரயிலுக்குப் போகிறது. மோட்டார் உள்ள எந்த வண்டிக்கும் என் ஓட்டு இதற்கே.