எந்த ஒரிகானோ?

‘ஒரிகானோ’ என்ற ஒரே பெயரில் கடைக்கு வரும் சமையல் மூலிகைகள் ஒரே செடி அல்ல. எந்தச் செடி என்று புட்டியில் பெரும்பாலும் எழுதியிருக்காது. சுவையோ ஒன்றுக்கொன்று வெகுதூரம்.

என்னைக் கேட்டால் கிரேக்க ஒரிகானோதான் முதலிடம். வறண்ட, கல் நிறைந்த மலைச்சரிவுகளில் தானாக முளைத்து வெள்ளையாகப் பூப்பது இது. பூக்கும் பருவத்தில் தண்டோடு அறுத்து, கட்டுக்கட்டாகத் தொங்கவிட்டு நிழலில் உலர்த்துகிறார்கள். துளசிபோல் அல்லாமல், காயக் காய இதன் வாசம் கூர்மையாகிறது. காய்ந்த பூங்கொத்தை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் கற்பூரவள்ளியும் ஓமமும் சேர்ந்தாற்போல் ஒரு நெடி எழும். இலைத்துணுக்கை நாக்கில் வைத்தால் முதலில் கசப்பு, அடுத்து சுள்ளென்ற காரம், பிறகு நுனிநாக்கு லேசாக மரத்துப்போகும். எல்லாம் கார்வக்ரால் என்ற எண்ணெய்ச் சத்தின் வேலை. கற்பூரவள்ளியிலும் அது உண்டு. தக்காளி, வெள்ளரி, ஃபெட்டா பாலாடைக்கட்டி சேர்ந்த சாலட்டில் ஆலிவ் எண்ணெய் விட்டு, இதைத் தூவிச் சாப்பிட்டுப் பாருங்கள்!

நாற்றுப் பண்ணையில் மட்டும் கவனம் தேவை. இளஞ்சிவப்பாகப் பூக்கும் சாதாரண வகையும் இதே இனம்தான்; பார்க்க அழகு, மணமோ சப்பென்றிருக்கும். இலையைக் கசக்கி முகர்ந்த பிறகே வாங்குங்கள்.

துருக்கி ஒரிகானோ வேறு இனம் என்றாலும் காரத்தில் சளைத்ததல்ல. சுட்ட இறைச்சிக்குத் தாராளமாகப் போடலாம்.

கிரேக்க, துருக்கி ஒரிகானோக்கள் துளசிக் குடும்பம்; மெக்சிகோ ஒரிகானோ அந்தக் குடும்பமே இல்லை. நம் வேலியோர உண்ணிச்செடியின் குடும்பம். எலுமிச்சைச் சாயல் உள்ள அந்த மணம் பீன்ஸுக்கும் மிளகாய்க் குழம்புக்கும் பொருந்தும். கிரேக்க சாலட்டில் அது ஒட்டவே ஒட்டாது.

சைப்ரஸையும் தெற்குத் துருக்கியையும் தாயகமாகக் கொண்ட மார்ஜோரம் ஒரிகானோவின் நெருங்கிய உறவு. நம் பூக்கடைகளில் கதம்பத்தில் சேரும் மரு இதுவே. இதமான இனிப்பு வாசம், காரம் கிடையாது. ஒரிகானோ இல்லாத நேரத்தில் இதைப் போட்டால் குறை தெரியும். முட்டைக்கும் மென்மையான சூப்புக்கும், அடுப்பை அணைக்கும் நேரத்தில் சேர்த்தால் அருமை.

எதை வாங்கினாலும் பொடித்ததை வாங்காதீர்கள். 2015இல் பிரிட்டனில் உலர் ஒரிகானோவைச் சோதித்தபோது, ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மாதிரிகளில் ஆலிவ் இலைகளும் மிர்ட்டில் என்ற புதர்ச்செடியின் இலைகளும் கலந்திருந்தன. மூலிகைக்குக் கொடுத்த காசு சருகுக்குப் போவதை என்னால் பொறுக்க முடியவில்லை. தண்டும் பூவுமாகக் கட்டாகக் கிடைத்தால் அதையே வாங்கி, வேண்டும்போது மட்டும் உதிர்த்துக்கொள்ளுங்கள்.