ஒருவருக்குப் பதக்கமா, எல்லாருக்கும் சான்றிதழா?

2021 ஓகஸ்ட் 1 இல் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமானது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்கள் இருக்கின்றன. ஆக, வன்னிக்கும் இந்தக் கேள்வி வந்துவிட்டது: சேவை செய்த, தலைமை தாங்கிய மாணவரை எப்படிக் கௌரவிப்பது?

ஒரு வழி, பட்டமளிப்பு விழாவில் ஒருவருக்கு மட்டும் பதக்கம். மேடையில் பெயர் வாசிக்கும்போது, முல்லைத்தீவிலிருந்து விடியக்காலை பஸ் ஏறி வந்த அம்மாவுக்கு வரும் பெருமிதம் லேசுப்பட்டதில்லை. ஆனால் இப்படியான தெரிவுகளில் பதவிதான் முதலில் கண்ணில் படும்: சங்கத் தலைவர், செயலாளர், மைக் பிடித்தவர். மாரியில் குளம் வான் பாய்ந்து சனம் பாடசாலையில் தங்கியிருந்தபோது சமைத்து, கிடாரம் கழுவி, வந்த சாமானுக்குக் கணக்கும் எழுதிவைத்த பிள்ளை எந்தப் பதவியிலும் இருந்திருக்காது.

மற்றது, செய்த வேலையை மணித்தியாலக் கணக்கில் பதிந்து, குறித்த அளவைத் தாண்டிய எல்லாருக்கும் சான்றிதழ். வேலைக்கான நேர்முகத்தில் காட்டலாம், சரி. ஆனால் சிரமதானத்தில் மண்வெட்டியோடு படம் எடுத்துவிட்டு மரநிழலில் இருப்பவருக்கும் அதே மணித்தியாலம் விழும் (எல்லா ஊரிலும் இப்படி ஒருவர் உண்டு). பின்னேரம் வகுப்பெடுத்துப் படிப்புச் செலவைப் பார்க்கிறவருக்கோ நேரமே இராது.

எனக்கென்றால் இரண்டாவதுதான், ஒரு திருத்தத்தோடு: விரிவுரையாளர் மட்டுமல்ல, வேலை நடந்த ஊரின் கிராம அபிவிருத்திச் சங்கமும் கையெழுத்துப் போட வேண்டும். யார் மண் சுமந்தது என்று அவர்களுக்குத் தெரியும், தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்ததே அவர்கள்தானே.