சிவனொளிபாதமலை: நல்லதண்ணியால் ஏறுவதா, இரத்தினபுரியால் ஏறுவதா?

மார்கழி பிறந்தால் போதும், சொந்தக்காரரில் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியோடு வந்துவிடுவார். கேட்பவரின் வயதையும் முழங்காலையும் விசாரித்த பிறகுதான் நான் பதில் சொல்வது. முதல் தடவை ஏறுபவர், சின்னப் பிள்ளைகளோடு போகிறவர், அறுபதைத் தாண்டியவர் எல்லாருக்கும் நல்லதண்ணிப் பாதைதான் சரி. அங்கே ஏற்கெனவே ஏறியவர், காட்டையும் பார்க்க ஆசைப்படுகிறவர் என்றால் இரத்தினபுரிப் பக்கத்துப் பலாபத்தலப் பாதை. மலை நடையில் நல்ல பழக்கம் உள்ளவர்கள் மட்டும் குருவிட்டவுக்கு அப்பாலுள்ள எரத்னப் பாதையை யோசிக்கலாம். நல்லதண்ணியால் பல தடவை, பலாபத்தலவால் மூன்று தடவை, எரத்னவால் ஒரே ஒரு தடவை ஏறியிருக்கிறேன். வேறு வழிகளும் இருக்கின்றன. நடந்து பார்க்காததால் அவற்றைப் பற்றிப் பேசவில்லை.

எந்த வழி நல்லது என்ற பேச்சு இந்த மலையில் மிகப் பழையது. 1344இல் இலங்கைக்கு வந்த மொரோக்கோப் பயணி இப்னு பதூதாவுக்குப் பல்லக்கும், வழித்துணைக்கு யோகிகளையும் பிராமணர்களையும், சுமை தூக்க ஆட்களையும் கொடுத்து அனுப்பிவைத்தவர் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. அப்போதே மலைக்கு இரண்டு வழி இருந்ததாக இப்னு பதூதா சொல்லியிருக்கிறார். முதல் மனிதர் ஆதமின் பெயரால் ஒன்று ‘பாபா’ வழி, அவர் மனைவி ஹவ்வாவின் (ஏவாள்) பெயரால் மற்றது ‘மாமா’ வழி. மாமா வழி இலகு, யாத்திரிகர் இறங்குவது அந்த வழியால். ஏறும்போதே அதனால் போனவரை யாத்திரை செய்தவராகவே கணக்கில் எடுக்க மாட்டார்களாம். பாபா வழியோ செங்குத்து, சங்கிலி பிடித்து ஏற வேண்டியது. இலகு வழியால் ஏறுவது யாத்திரை ஆகாது என்பதை நான் ஏற்க மாட்டேன். நல்லதண்ணிப் படியில் ஒவ்வொரு படிக்கும் நின்று மூச்சு வாங்கி ஏறும் கிழவிகளைப் பார்த்தவர் யாரும் ஏற்க மாட்டார். ஆனால் கஷ்டமான வழியால் ஏறி இலகுவான வழியால் இறங்கு என்ற அந்த ஒழுங்கு இருக்கிறதே, அதைவிட நல்ல யோசனையை நான் இன்றுவரை கேட்டதில்லை.

சரி, முதலில் நல்லதண்ணி. கொழும்பிலிருந்து பதுளை ரயிலில் வந்து ஹட்டனில் இறங்கி, மஸ்கெலியா வழியாக பஸ் பிடித்தால் மலையடிவாரம். ஏறத் தொடங்கும் இடமே தேயிலைத் தோட்ட உயரத்தில் இருப்பதால் 2,243 மீட்டர் மலையில் பாதிக்கு மேல் பஸ்ஸே ஏற்றிவிடுகிறது. மற்றப் பாதைகளைவிட இது ஐந்து கிலோமீட்டரளவு குறைவு. அந்தக் குறைவுக்கு விலையும் உண்டு: மூன்றிலும் செங்குத்தானது இதுதான். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள். முதல் அரைவாசி சும்மா நடைபோலத்தான் இருக்கும். ஜப்பானியப் பௌத்தர்கள் கட்டிய வெள்ளைச் சமாதானத் தூபி, அப்புறம் முகம் கழுவிக்கொள்ளும் சீதகங்குல ஓடை, யாத்திரிகர் ஊசியில் நூல் கோத்து விட்டுச் செல்லும் இந்திகட்டுபான என்ற இடம் எல்லாம் தாண்டிய பிறகுதான் படிகள் நிமிர்ந்து நிற்கத் தொடங்கும். அதற்குமேல் கைபிடிக் கம்பியை விட்டால் கால் நகராது.

டிசம்பரில் வரும் உந்துவப் போயாவிலிருந்து (போயா என்றால் பௌர்ணமி நாள்) மே மாத வெசாக் போயா வரையுள்ள பருவகாலத்தில் இந்த வழி முழுக்க இராத்திரி வெளிச்சம். தூரத்தில் நின்று பார்த்தால் மலையின் மேல் யாரோ விளக்குச் சரம் போட்டதுபோல இருக்கும். கொஞ்சத் தூரத்துக்கு ஒரு தேத்தண்ணிக் கடை, சுடச்சுட ரொட்டி, கால் நீட்டி உட்கார வாங்கு. கடைகளிலும் வழியிலும் தமிழ் தாராளமாகக் காதில் விழும். தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். பாட்டியின் ஒரு கையைப் பேரனும் மறு கையைப் பேத்தியும் பிடித்து ஏற்றுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இந்தக் கூட்டத்தோடு ஏறுவதில் ஒரு பலம் இருக்கிறது. நின்றுவிட நினைக்கும்போது பின்னால் வரும் முகம் தெரியாத ஒருவர் ‘இன்னும் கொஞ்சம்தான்’ என்பார். அது உண்மையில்லை என்று இருவருக்கும் தெரியும், ஆனாலும் கால் எழும்பும்.

அதே கூட்டம்தான் இந்த வழியின் பெரிய குறையும். போயா நாளிலோ சனிக்கிழமை இரவிலோ போனால், கடைசிப் படிகளில் நடப்பது என்பதே இல்லை, நிற்பதுதான். ஒரு தைப் போயாவுக்கு நானும் தங்கையும் உச்சிக்குக் கீழே நாலு மணி நேரம் நின்றோம். வியர்த்த சட்டை உடம்பிலேயே குளிர்ந்து அவளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. அதன் பிறகு வார நடுவில்தான் போகிறேன்.

பலாபத்தல வேறு உலகம். இரத்தினபுரியிலிருந்து கிலிமலே வழியாகப் போகும் இந்த ஏற்றம், கடல் மட்டத்திலிருந்து சில நூறு மீட்டர் உயரத்தில்தான் தொடங்குகிறது. அதாவது மலையின் முழு உயரத்தையும் சொந்தக் காலால் ஏற வேண்டும். எங்களுக்கு ஆறரை மணி நேரம் பிடித்தது. நல்லதண்ணியால் மூன்றரை. படிகள் இங்கும் உண்டு, பருவகாலத்தில் கடைகளும் உண்டு, ஆனால் ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் இடையில் காடு நிறைய இருக்கிறது.

அந்தக் காட்டுக்காகத்தான் இந்த வழியைச் சொல்கிறேன். அடிவாரத்தில் புழுக்கம், ஆளுயரப் பன்னம், அண்ணாந்தாலும் உச்சி தெரியாத மரங்கள். ஏற ஏற மரங்கள் குள்ளமாகி, கிளைகள் முறுக்கிக்கொண்டு, உடம்பெல்லாம் பாசி போர்த்துக்கொள்ளும். தாழ்நில மழைக்காட்டில் தொடங்கி மேகக்காட்டில் முடிகிற நடை இது, ஒரே நாளில். மலையைச் சுற்றியுள்ள இந்தச் சரணாலயம் 2010இல் ஹோட்டன் சமவெளியோடும் நக்கிள்ஸ் மலைத்தொடரோடும் சேர்ந்து யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பிடித்தது. நல்லதண்ணிப் படியில் இராத்திரி ஏறி விடியற்காலையில் இறங்குகிறவருக்கு இந்தக் காட்டின் ஓரம்தான் தெரியும். சிவந்த அலகும் நீல உடலுமாக இலங்கையில் மட்டுமே வாழும் கெஹிபெல்லாப் பறவையை நான் முதலில் கண்டது பலாபத்தல வழியில், காலை ஏழு மணிக்கு. ஆகவே இந்தப் பக்கத்தால் பகலில் ஏறுங்கள். இருட்டில் ஏறினால் இவ்வளவு தூரம் வந்ததன் பயன் பாதி போய்விடும்.

எரத்னப் பாதையைப் பற்றி அதிகம் சொல்ல ஆசையில்லை, ஏனென்றால் படித்துவிட்டு யாரும் தயாரில்லாமல் கிளம்பக் கூடாது. குரு கங்கையின் பள்ளத்தாக்கிலிருந்து ஏறும் நீண்ட வழி. நீரோசை வெகுநேரம் கூடவே வரும், ஆட்கள் குறைவு, பல இடங்களில் கல்லும் வேரும்தான் படி. ஹெரமிட்டிப்பானவில் பலாபத்தல வழியோடு சேர்ந்த பிறகுதான் மனிதக் குரல் கேட்டு எங்களுக்கு நிம்மதி வந்தது. தனியாகப் போக வேண்டாம், மழை பெய்த மறுநாளும் வேண்டாம்.

மழை என்றதும் ஒன்று. மலையின் மேற்கு, தென்மேற்கு முகம்தான் தென்மேற்குப் பருவமழையை நேராக வாங்குகிறது. பலாபத்தலவும் எரத்னவும் அந்த முகத்தில் இருக்கின்றன. மே மாதம் கழிந்த பிறகு அந்த இரண்டு வழிகளையும் மறந்துவிடுங்கள். நல்லதண்ணியால் பருவம் தப்பியும் சிலர் ஏறுகிறார்கள், ஆனால் விளக்கும் இருக்காது கடையும் இருக்காது.

சூரியோதயத்துக்கும் வழிக்கும் தொடர்பு உண்டு. நல்லதண்ணிப் படிகள் கிழக்குப் பக்கமாக இருப்பதால், உச்சியை அடையப் பிந்தினாலும் நின்ற இடத்திலிருந்தே விடியலைப் பார்க்கலாம். இரத்தினபுரிப் பக்கம் பிந்தினால் மலையே சூரியனை மறைத்துக்கொள்ளும். விடிந்ததும் எல்லாரும் கிழக்கையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் ஒரு நிமிடம் திரும்பி மேற்கே பாருங்கள். மலையின் நிழல் கூர்மையான முக்கோணமாக, நீங்கள் ஏறி வந்த காட்டின்மேலேயே விழுந்து கிடக்கும்.

இரண்டு நாள் ஒதுக்க முடிந்தவர்களுக்கு நான் சொல்லும் திட்டம் இது. முதல் நாள் விடியற்காலை பலாபத்தலவில் தொடங்கிப் பகல் முழுக்க நிதானமாக ஏறுங்கள். ஹெரமிட்டிப்பானவில் உள்ள மடத்தில் இரவு படுத்துவிட்டு, விடியுமுன் எழும்பி மிச்ச ஏற்றத்தை முடித்து, மேலே மணியடியுங்கள். எத்தனையாவது தடவையோ அத்தனை அடி. பிறகு நல்லதண்ணிப் பக்கமாக இறங்கி ஹட்டனில் ரயில் ஏறலாம். சொந்த வாகனத்தில் வந்தால் இது சரிவராது. வாகனம் மலையைச் சுற்றி வருவதற்குள் ஒரு நாள் போய்விடும். பஸ்ஸிலும் ரயிலிலும் வாருங்கள், முதுகில் சின்னப் பை ஒன்று போதும். உச்சியில் காற்று கையை விறைக்கவைக்கும் என்பதால் நனையாத மாற்றுச் சட்டையும் தடித்த ஜம்பரும் வேண்டும். பொலித்தீன் எதையும் கொண்டுபோக வேண்டாம். காட்டோரத்தில் கிடக்கும் பிஸ்கட் உறைகளைப் பார்க்க வயிறு எரிகிறது.

முழங்கால் வலி உள்ளவர் இறங்குவதையே முதலில் யோசிக்க வேண்டும். ஏற்றம் மூச்சை வாங்கும், இறக்கம்தான் காலை வாங்கும். ஐயாயிரம் படியை அவசரமாக இறங்கியவர் அடுத்த மூன்று நாளைக்கு வீட்டு மாடிப்படியைக்கூட இறங்க மாட்டார். தடி ஒன்றை ஊன்றி, பக்கவாட்டாகக் காலை வைத்து இறங்குங்கள்.

அப்புறம் அட்டை. நல்லதண்ணிப் பக்கம் படியை விட்டு விலகாதவரை தொல்லை குறைவு. பலாபத்தலவிலும் எரத்னவிலும் ஈரம் இருந்தால் தப்பவே முடியாது. காலுறையைக் காற்சட்டைக்கு மேலே இழுத்துவிட்டு, சவர்க்காரமோ தேசிக்காயோ பூசிக்கொள்ளுங்கள். கடித்ததைப் பிய்த்து எடுக்காமல் உப்பு வையுங்கள், தானே விழுந்துவிடும். நல்லதண்ணியில் பஸ் ஏறுமுன் சப்பாத்தைக் கழற்றி ஒரு தடவை உதறிப் பாருங்கள். முந்திய நாள் மேற்குக் காட்டில் ஒட்டிக்கொண்டது இன்னும் உள்ளே இருக்கக்கூடும்.