மாலை நேரத்தில் படித்த ஆய்வுமுறைகள்: வேலையில் எவ்வளவு கைகொடுத்தன?

தாதி வேலையிலிருந்து சமூகச் சுகாதாரத் திட்டங்களைக் கவனிக்கும் பொறுப்புக்கு மாறிய சமயத்தில், பொதுச் சுகாதார முடிவுகளுக்கான ஆய்வுமுறைகளை மாலை வகுப்பில் படித்தேன். முடித்துச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. சேரலாமா என்று யோசிக்கும் தாதியருக்காகவும் சமூக ஊழியர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

அதிகம் பயன்பட்டது ஒப்பீட்டுக் குழு, அதாவது திட்டம் போய்ச் சேராதவர்களையும் அளந்து ஒப்பிடுவது பற்றிய பாடம்தான். டெங்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் 2020இல் 35,000 பேருக்கு மேல் டெங்கி வந்தது. 2021இல் 5,000 சொச்சம். 2022இல் மறுபடியும் 32,000ஐத் தாண்டியது. 2020 கடைசியில் எந்தத் திட்டத்தைத் தொடங்கியிருந்தாலும், அடுத்த ஆண்டு அது பெரிய வெற்றியாகத்தான் தெரிந்திருக்கும். அதனால்தான், கொசு முட்டைகள் பொரிக்காமல் போவதற்காக வோல்பாக்கியா என்ற நுண்ணுயிரி கொண்ட ஆண் கொசுக்களை விடும் திட்டத்தைச் சோதிக்கும்போது, எந்த வட்டாரத்தில் விடுவது, எதில் விடாமல் ஒப்பிடுவது என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள்.

இது என் வேலைக்கே வந்தது. எங்கள் பேட்டையில் புளோக்கின் கீழ்த்தளத்தில் ரத்த அழுத்தம் பார்த்து, மேல் எண் 140ஐத் தாண்டிய மூத்தோரை நடைப்பயிற்சிக் குழுவில் சேர்த்தோம். மூன்று மாதத்தில் சராசரி நன்றாக இறங்கியது. பக்கத்துப் பேட்டைகளுக்கும் உடனே கொண்டுபோகலாம் என்று பேச்சு எழுந்தது. குழுவில் இடம் கிடைக்காமல் காத்திருந்தவர்களையும் ஒருமுறை அளந்துவிடலாமே என்று கேட்டேன். அவர்களுக்கும் இறங்கியிருந்தது, சற்றுக் குறைவாக. காப்பி குடித்த கையோடு வந்து உட்கார்ந்தவர், சந்தைப் பையைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்து வந்தவர் என்று, அன்றைக்கு மட்டும் அழுத்தம் ஏறியிருந்தவர்களும் எங்கள் பட்டியலில் இருந்தார்கள். அவர்களை வேறொரு நாள் அளந்தால், ஒன்றும் செய்யாமலே பலருக்கு இறங்கித்தான் இருக்கும். இரு குழுவுக்கும் இடையே உள்ள வித்தியாசம் மட்டுமே நடைப்பயிற்சியின் கணக்கில் வரும். திட்டத்தை நாங்கள் கைவிடவில்லை. இப்போது வெவ்வேறு நாளில் இரண்டு முறை அளந்த பிறகே சேர்க்கிறோம். விரிவாக்கம் மெதுவாக நடக்கிறது. ஐந்து நிமிடக் கேள்வி ஒன்று ஒரு வருஷச் செலவின் திசையை மாற்றுவதைப் பார்த்தபோது, படித்த மாலைகள் எல்லாம் தகும் என்று தோன்றியது.

அடுத்து, 'யார் வரவில்லை?' என்று கேட்கும் பழக்கம். பரிசோதனைக்குத் தாமாக வருபவர்கள் பெரும்பாலும் உடம்பைக் கவனித்துக்கொள்பவர்கள். இரவுநேர வேலை பார்ப்பவரும் படுக்கையில் இருக்கும் பாட்டியும் எங்கள் எண்களில் இல்லை. இதைச் சரிசெய்ய வீடு வீடாகப் போவதைத் தவிர வேறு வழி இருப்பதாகத் தெரியவில்லை.

குறைகளும் உண்டு. வகுப்பில் புள்ளியியல் சூத்திரங்களுக்குக் கிடைத்த நேரத்தில் பாதிகூட, மக்களிடம் உட்கார்ந்து பேசித் தகவல் சேகரிக்கும் முறைகளுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் நடைக் குழுவிலிருந்து ஏன் விலகினீர்கள் என்பதற்கு மூத்தோர் சொல்லும் பதில் எந்தச் சூத்திரத்திலும் வராது. வகுப்பில் பழகிய புள்ளியியல் மென்பொருளும் ஒரு தொல்லை. மாணவர் உரிமம் முடிந்ததும் பழகியது கையைவிட்டுப் போனது. இலவசமாகக் கிடைக்கும் 'ஆர்' மென்பொருளை அப்புறம் நானே கற்றுக்கொண்டேன். சேருபவர்கள் முதல் நாளிலிருந்தே அதில் பழகுவது நல்லது.

சரி, யாருக்கு ஏற்றது? திட்டங்களைத் தொடரலாமா, நிறுத்தலாமா என்று சொல்லும் இடத்தில் இருப்பவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பதவி உயர்வுக்கு ஒரு சான்றிதழ் போதும் என்பவர்களுக்கு, வேலை முடிந்து களைத்து வந்து படிக்க இது கனமான பாடம்.