டே ஹாஸ்பிடல் போறதா, டீம் வீட்டுக்கே வர்றதா?

கேன்சர் முத்திப்போனப்புறம் பாலியேட்டிவ் கேர்னு டாக்டர் சொன்னதுமே கைய விரிச்சிட்டாங்கன்னு நெறைய பேர் பயந்துடறாங்க, அப்படி இல்லவே இல்லங்க, வலி, மூச்சுத்திணறல், வாந்தி இதையெல்லாம் கட்டுக்குள்ள கொண்டு வந்து இருக்கற நாள நிம்மதியா வாழ வைக்கறதுதான் அது.

டே ஹாஸ்பிடல்னா காலைல போய் சாயங்காலம் வீடு திரும்பிடலாம். 1975ல இங்கிலாந்துல ஷெஃபீல்டு செயின்ட் லூக்ஸ் ஹாஸ்பிஸ்ல (கடைசி கட்டத்துல இருக்கற நோயாளிகள பாத்துக்கற இடம்) பகல் நேர கவனிப்பு ஆரம்பிச்சாங்க. ரத்தம் ஏத்தறது, வயித்துல கோத்த நீர வடிக்கறது எல்லாம் அட்மிட் ஆகாமயே முடியும். வயிறு கல்லு மாதிரி உப்பி சாயவும் முடியாம உக்காரவும் முடியாம தவிச்சவங்க, நீர் வடிஞ்சதும் முழுசா ஒரு மூச்சு இழுத்து விடுவாங்க பாருங்க, கூட இருக்கறவங்களுக்கே உயிர் வந்த மாதிரி இருக்கும். பாத்துக்கறவங்களும் அந்த சில மணி நேரம் கண்ணசரலாம், இது சின்ன விஷயமே இல்ல.

ஆனா வண்டி ஏறி இறங்க தெம்பு வேணும். ஒவ்வொரு குலுக்கலுக்கும் எலும்பு வலிக்குதுன்னா என்னைக் கேட்டா வீட்டுக்கு நர்ஸ் வர்றதுதான் சரி, புண்ணுக்கு டிரெஸ்ஸிங், மார்ஃபின்ங்கற வலி மருந்தோட டோஸ் சரி பண்றது எல்லாம் நோயாளியோட படுக்கை பக்கத்துலயே நடக்கும். முதல்ல டே ஹாஸ்பிடல், நடமாட்டம் குறைஞ்சா வீடுன்னு மாறிக்கலாம், ஆனா நோயாளிகிட்ட கேட்டுட்டு.

ரெண்டுலயுமே, ராத்திரி 2 மணிக்கு வலி வந்தா யாருக்கு ஃபோன் பண்றதுன்னு முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க. மார்ஃபினால மலச்சிக்கல் வரும், அதனால அத ஆரம்பிக்கறப்பவே மலச்சிக்கலுக்கும் மருந்து கேளுங்க.